பைகார்பனேட் எந்தப் பக்கம் போகும்? சிறுநீரகமும் கணையமும் போடும் கணக்கு

உடலியங்கியல் முதலாண்டு படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. சிறுநீரகம், வடிகட்டிய திரவத்திலிருந்து பைகார்பனேட்டை எடுத்து இரத்தத்தில் சேர்க்கிறது. கணையமோ இரத்தத்தில் இருப்பதை எடுத்துக் குடலில் கொட்டுகிறது. இரண்டு இடத்திலும் என்பிசிஇ1 என்ற ஒரே புரதம், செல்லின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருக்கத் திசை மட்டும் எப்படி மாறுகிறது? இவ்வளவு அமிலமும் காரமும் உள்ளே வந்து போகும்போது செல்லின் சொந்த பிஎச் (அமில-கார அளவு) எப்படிக் கெடாமல் இருக்கிறது? கூடவே ஒரு துணைக் கேள்வி: ஆல்கலைன் வாட்டர் குடித்தால் இரத்தத்தின் பிஎச் ஏறுமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: திசையைத் தீர்மானிப்பது புரதம் அல்ல. ஒரு சோடியத்தோடு எத்தனை பைகார்பனேட் போகிறது, செல்லுக்குள் மின்னழுத்தம் எவ்வளவு, இரு பக்கமும் செறிவு எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால் திசை தானாக வந்துவிடும். கணக்கைக் கீழே போட்டே காட்டுகிறேன். அதற்கு முன் அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பெரும்பாலானோர் தடுமாறுவது அங்கேதான்.

இரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல். ஹைட்ரஜன் அயனியோ 40 நானோமோல்தான். ஒன்றுக்கு ஒன்று 6 லட்சம் மடங்கு வித்தியாசம். அதனால் பிஎச்சை மாற்ற வேண்டுமென்றால் ஹைட்ரஜன் அயனியை எண்ணிக்கொண்டிருப்பதைவிட பைகார்பனேட்டையும் கார்பன் டை ஆக்சைடையும் பிடித்து இழுப்பதுதான் உடலுக்கு வசதி. கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் பார்த்துக்கொள்கிறது. பைகார்பனேட்டைப் பார்த்துக்கொள்வது எபிதீலியச் செல்கள், அதாவது உடலின் குழாய்களுக்கு உட்சுவராக இருக்கும் செல்கள். பிஎச்சைக் கணக்கிடும் ஹென்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பாருங்கள் (0.03, 6.1 இரண்டும் அதன் மாறிலிகள்). கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம், அதை 0.03 ஆல் பெருக்கினால் 1.2. 24ஐ 1.2 ஆல் வகுத்தால் 20. 20க்கு மடக்கை 1.3. அதோடு 6.1ஐக் கூட்டினால் 7.4. மருத்துவமனையில் ஏபிஜி (தமனி இரத்த வாயுப் பரிசோதனை) அறிக்கையை வாங்கிப் பார்த்தால் பிஎச், கார்பன் டை ஆக்சைடு, பைகார்பனேட் என்ற இதே மூன்று எண்கள்தான் அதில் இருக்கும்.

கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து பைகார்பனேட்டும் ஹைட்ரஜன் அயனியும் ஆகும் வினை, தானாக நடந்தால் மெதுவாகத்தான் நடக்கும். குழாயில் திரவம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லை. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, நடுவில் ஒரு துத்தநாக அயனியை வைத்துக்கொண்டு, இதை வேகப்படுத்துகிறது. அதன் இரண்டாம் வகை, ஒரு மூலக்கூறு மட்டும் நொடிக்குப் பத்து லட்சம் முறை அளவுக்கு இந்த வினையை நடத்தும். இந்த நொதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "பைகார்பனேட் செல்லைக் கடந்து போகிறது" என்று நாம் சொல்வதெல்லாம் பாதி இந்த நொதியின் வேலைதான்.

இப்போது செல்லின் சொந்த பிஎச். செல்லுக்குள் மின்னழுத்தம் வெளியைவிட 60 மில்லிவோல்ட் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் அயனி நேர்மின்னூட்டம் கொண்டது. தன்போக்கில் விட்டால் உள்ளே பத்து மடங்கு சேர்ந்துவிடும். அதாவது வெளியே 7.4 என்றால் உள்ளே 6.4. ஆனால் அளந்து பார்த்தால் உள்ளே 7.2 இருக்கிறது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுபோல செல் விடாமல் அமிலத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். எபிதீலியமோ வேறு எந்தச் செல்லோ, இதிலிருந்து யாருக்கும் விடுதலை இல்லை.

தள்ளுவதற்கான கருவிகளில் முக்கியமானது சோடியம்–ஹைட்ரஜன் பரிமாற்றி, என்எச்இ. ஒரு சோடியத்தை உள்ளே விட்டு ஒரு ஹைட்ரஜனை வெளியே தள்ளும். சோடியத்தை உள்ளே இழுக்கும் விசை எங்கிருந்து வருகிறது? சோடியம்–பொட்டாசியம் பம்பிலிருந்து. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து அது மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவருகிறது. ஆக, பிஎச் ஒழுங்கின் மின்சார பில் பெரும்பாலும் இந்தப் பம்பின் பெயரில்தான் வருகிறது. என்எச்இக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. செல்லுக்குள் பிஎச் சாதாரண அளவில் இருந்தால் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும்; பிஎச் கீழே இறங்கினால் வேகம் பிடிக்கும். அமிலத்தை உணர்வதும் அதுவே, வெளியேற்றுவதும் அதுவே. எதிர்த்திசையில், செல் அளவுக்கு மீறிக் காரமானால் ஏஇ2 போன்ற குளோரைடு–பைகார்பனேட் பரிமாற்றிகள் பைகார்பனேட்டை வெளியே விட்டு சமன் செய்யும்.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள் என்று சொல்லாமல் போனால் வெறும் கதையாகிவிடும். பிசிஇசிஎஃப் என்று ஒரு ஒளிரும் சாயம் இருக்கிறது. செல்லுக்குள் ஏற்றி, 490 நானோமீட்டர் ஒளியிலும் 440 நானோமீட்டர் ஒளியிலும் மாறிமாறித் தூண்டி, வெளிவரும் ஒளியின் விகிதத்தைப் பார்த்தால் பிஎச் தெரியும். பிறகு செல்லுக்கு வேண்டுமென்றே அமில அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதற்கு 20 மில்லிமோல் அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சில நிமிடம் ஓடவிடுவார்கள். அம்மோனியா வாயு படலத்தைத் தாண்டி உள்ளே போய் அங்கிருக்கும் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும்; வரைபடத்தில் பிஎச் சட்டென்று மேலே குதிக்கும். அப்புறம் அம்மோனியம் அயனியும் மெல்ல உள்ளே கசிய, கோடு லேசாக இறங்கத் தொடங்கும். இந்த நேரத்தில் கரைசலை மாற்றி அம்மோனியத்தை எடுத்துவிட்டால் உள்ளே இருந்த அம்மோனியம் எல்லாம் ஹைட்ரஜனை விட்டுவிட்டு அம்மோனியாவாக வெளியே ஓடிவிடும். பிஎச் தொப்பென்று, ஆரம்பித்த இடத்துக்கும் கீழே விழும். சுவாரசியமே அதற்கப்புறம்தான். ஆரோக்கியமான செல் என்றால் கோடு நிமிர்ந்து மேலே ஏறிப் பழைய இடத்துக்கு வரும். வெளியே சோடியம் இல்லாமல் செய்து பாருங்கள். கோடு கீழேயே கிடக்கும். அமிலோரைடு குடும்பத்து மருந்தைப் போட்டால் என்எச்இ படுத்துவிடும். அந்த நிலையிலும், கரைசலில் பைகார்பனேட்டும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் இருந்தால் சில செல்களில் கோடு ஏறுகிறது. அங்கே பைகார்பனேட்டை உள்ளே கொண்டுவரும் வேறொரு வழி இருக்கிறது என்று பிடிபட்டுவிடும். இந்த உத்தியை வால்டர் போரானும் பால் டி வீரும் 1976இல் கணவாயின் பெரிய நரம்பிழையில் செய்து காட்டினார்கள். இன்றுவரை இத்துறையில் நுழைபவர் முதலில் கற்றுக்கொள்ளும் சோதனை இதுதான்.

சரி, எபிதீலியத்துக்கு வருவோம். மற்ற செல்களுக்கு உள், வெளி என்று இரண்டுதான். எபிதீலியச் செல்லுக்கு வெளியே இரண்டு உலகம். ஒரு முகம் குழாய்க்குள் ஓடும் திரவத்தைப் பார்க்கிறது. ஏபிகல் என்பார்கள், நான் குழாய்முகம் என்கிறேன். இன்னொன்று இரத்தத்தைப் பார்க்கிறது. அது பேஸோலேட்டரல், இரத்தமுகம். இரண்டுக்கும் நடுவே இறுக்கச் சந்திப்புகள் வேலி போட்டிருப்பதால் குழாய்முகத்துப் புரதம் இரத்தமுகத்துக்கு நழுவி வராது. அமிலத்தைத் தள்ளும் கருவி எந்த முகத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் அமிலம் சேரும். எதிர்ப்பக்கம் பைகார்பனேட் சேரும்.

சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் நுண்குழலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது. லிட்டருக்கு 24 மில்லிமோல் வீதம் 4,320 மில்லிமோல் பைகார்பனேட். சமையல் சோடாவாகக் கணக்குப் போட்டால் 360 கிராமுக்கு மேல். இதில் சுமார் 80 சதவீதத்தை இந்த ஒரு பகுதியே திருப்பி எடுத்துவிடுகிறது. பாடப்படங்களில் குழாயிலிருந்து இரத்தத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டு "பைகார்பனேட்" என்று எழுதியிருப்பார்கள். மனப்பாடத்துக்கு அது சரி, நடப்பது அது அல்ல. குழாய்முகத்தின் வழியாகப் பைகார்பனேட் உள்ளே வருவதே இல்லை என்று சொல்லலாம்.

நடப்பது இது. குழாய்முகத்திலிருக்கும் என்எச்இ3 ஒரு ஹைட்ரஜனைக் குழாய்க்குள் தள்ளுகிறது; ஏடிபியில் ஓடும் புரோட்டான் பம்பும் கொஞ்சம் தள்ளும். அந்த ஹைட்ரஜன், வடிகட்டி வந்த பைகார்பனேட்டோடு சேர்கிறது. படலத்தின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் நான்காம் வகைக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் அதைக் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் உடைக்கிறது. வாயுவான கார்பன் டை ஆக்சைடு சுலபமாகச் செல்லுக்குள் போய்விடும். உள்ளே இரண்டாம் வகை நொதி அதை மறுபடி தண்ணீரோடு சேர்த்து, ஒரு ஹைட்ரஜனும் ஒரு பைகார்பனேட்டுமாக மாற்றுகிறது. ஹைட்ரஜன் மறுபடி என்எச்இ3 வழியாகக் குழாய்க்கு. பைகார்பனேட் இரத்தமுகத்து என்பிசிஇ1 வழியாக இரத்தத்துக்கு. குழாயில் காணாமல்போன அயனியும் இரத்தத்தில் வந்து சேர்ந்த அயனியும் ஒன்றல்ல. கணக்கு மட்டும் சரியாக வரும். இந்த ஏற்பாட்டுக்கு நொதி எவ்வளவு முக்கியம் என்று பார்க்க வேண்டுமானால் அசிட்டசோலமைடு கொடுத்துப் பாருங்கள். கார்பானிக் அன்ஹைட்ரேஸைத் தடுக்கும் மருந்து. பைகார்பனேட் திரும்ப வராமல் சிறுநீரில் போகும், இரத்தம் லேசாக அமிலமாகும். மலை ஏறுபவர்களுக்கு இதைக் கொடுப்பதே இதற்காகத்தான்: உயரத்தில் வேகமாக மூச்சுவிட்டு இரத்தம் காரமாகிவிடுகிறது, அந்தக் காரம் மூச்சைத் தடுத்துப் பிடிக்கிறது, மருந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வந்துவிட்டோம். என்பிசிஇ1 சோடியத்தையும் பைகார்பனேட்டையும் ஒரே திசையில் சேர்த்துக் கொண்டுபோகும். சோடியமோ எப்போதும் உள்ளே வரத் துடிப்பது. அதைக் கட்டி இழுத்துக்கொண்டு பைகார்பனேட் வெளியே போவது என்றால் எங்கோ பெரிய விசை இருக்க வேண்டும். அந்த விசை மின்னழுத்தம். சிறுநீரகத்தில் ஒரு சோடியத்துக்கு மூன்று பைகார்பனேட்; ஆக மொத்தம் இரண்டு எதிர்மின்னூட்டம். கணையத்தில் ஒன்றுக்கு இரண்டு. ஒரே ஒரு எதிர்மின்னூட்டம்.

எண்களைப் போடுவோம். சோடியம் வெளியே 145, உள்ளே 15. பைகார்பனேட் வெளியே 24, உள்ளே 12. சோடியத்தின் விகிதம் 15க்கு 145, அதாவது 0.103. பைகார்பனேட்டின் விகிதம் 0.5. ஒன்றுக்கு இரண்டு என்றால் 0.103ஐ இருமுறை 0.5 ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 0.026. இதன் இயல் மடக்கை மைனஸ் 3.65. உடல் வெப்பநிலைக்கான மாறிலி 26.7ஆல் (மில்லிவோல்ட்) பெருக்கி, மின்னூட்டம் ஒன்று என்பதால் ஒன்றால் வகுத்தால் மைனஸ் 98 மில்லிவோல்ட். ஒன்றுக்கு மூன்று என்றால் மூன்றுமுறை 0.5 ஆல் பெருக்கல்: 0.013. இயல் மடக்கை மைனஸ் 4.35. 26.7ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் மைனஸ் 58 மில்லிவோல்ட்.

இந்த இரண்டு எண்களும் "இங்கே வந்தால் எந்தப் பக்கமும் போகாது" என்ற சமநிலைப் புள்ளிகள். செல்லின் மின்னழுத்தம் இதைவிட எதிர்மமாக இருந்தால் எதிர்மின்னூட்டம் வெளியே தள்ளப்படும். இதைவிடக் குறைந்த எதிர்மமாக இருந்தால் உள்ளே வரும். செல் மைனஸ் 70இல் இருக்கிறது என்று வையுங்கள். 58ஐத் தாண்டிவிட்டது, ஆகவே ஒன்றுக்கு மூன்று விகிதம் கொண்ட சிறுநீரகச் செல்லில் பைகார்பனேட் வெளியே போகிறது. 98ஐத் தொடவில்லை, ஆகவே ஒன்றுக்கு இரண்டு விகிதம் கொண்ட கணையச் செல்லில் உள்ளே வருகிறது. செறிவு ஒன்று, மின்னழுத்தம் ஒன்று, முகம் ஒன்று. ஒரே ஒரு பைகார்பனேட் கூடுதல் என்பதால் திசை தலைகீழ். எனக்கு இத்துறையில் பிடித்த கணக்கு இதுதான். காகிதத்தில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், அதற்குப்பின் மறக்காது.

கண்டுபிடித்த விதமும் அழகானது. 1983இல் போரானும் எமில் பூல்பேப்பும் புலி சாலமாண்டர் என்ற நீர்நில வாழியின் சிறுநீரகக் குழலை எடுத்துக்கொண்டார்கள். அதன் செல்கள் பெரியவை. நுண் மின்முனைகளை உள்ளே குத்தி மின்னழுத்தம், பிஎச், சோடியம் எல்லாவற்றையும் அளக்கலாம். இரத்தமுகத்துப் பக்கம் பைகார்பனேட்டைக் குறைத்தார்கள். செல்லுக்குள் பிஎச் இறங்கியது. சோடியமும் இறங்கியது. மின்னழுத்தம் நேர்மத்தை நோக்கி நகர்ந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஒரு விளக்கம்தான் பொருந்தும்: சோடியமும் அதைவிட அதிக பைகார்பனேட்டும் ஒன்றாக வெளியே போகின்றன. 1997இல் அதே விலங்கின் சிறுநீரகத்திலிருந்து மரபணுவை எடுத்து, தவளை முட்டைச் செல்லில் வைத்து இயக்கிக் காட்டினார்கள்.

ஒரே மரபணு இரண்டு விகிதத்தில் எப்படி இயங்குகிறது என்று அடுத்த கேள்வி வரும். சிறுநீரகத்திலும் கணையத்திலும் இருப்பவை ஒரே மரபணுவின் சற்றே மாறிய இரு வடிவங்கள், நுனியில்தான் வேறுபாடு. ஆனால் அந்த நுனி மட்டும் காரணமல்ல. எந்த வடிவமானாலும் சிறுநீரகத்தின் அண்மைக் குழல் செல்லில் வைத்தால் மூன்று, வேறு வகைச் செல்லில் வைத்தால் இரண்டு என்று சோதனையில் தெரிந்தது. அது குடியிருக்கும் செல் அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றுவது போன்ற மாற்றங்களைச் செய்கிறது. இந்தப் புரதம் பழுதாகிப் பிறப்பவர்களுக்குச் சிறுநீரில் பைகார்பனேட் வீணாவதோடு கண்ணிலும் கோளாறு வரும்: கிளாக்கோமா, கண்புரை, விழிவெண்படலத்தில் சுண்ணாம்புப் பட்டை. கண்ணிலும் இதே புரதம் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கணையத்தின் கதை 1902இல் லண்டனில் தொடங்குகிறது. வயிற்றிலிருந்து அமிலம் குடலுக்குள் வந்ததும் கணையம் சுரக்கிறது. அது நரம்பு வழிச் செய்தி என்று ரஷ்ய உடலியங்கியலாளர் பாவ்லோவின் ஆய்வகம் நம்பியது. லண்டன் உடலியங்கியலாளர்களான பேலிஸும் ஸ்டார்லிங்கும் மயக்கமருந்து கொடுத்த நாயின் குடலில் ஒரு துண்டை, நரம்புகளை எல்லாம் நீக்கிவிட்டு, அமிலம் விட்டுப் பார்த்தார்கள். கணையம் சுரந்தது. உடனே குடலின் உட்சவ்வைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் இரத்தக்குழாயில் செலுத்தினார்கள். மறுபடியும் சுரந்தது. அந்தப் பொருள்தான் செக்ரிட்டின். ஹார்மோன் என்ற கருத்தே இங்கிருந்துதான் பிறந்தது. அந்தச் சொல்லை ஸ்டார்லிங் 1905இல் பயன்படுத்தினார்.

செக்ரிட்டின் நாளச் செல்லைத் தொட்டதும் உள்ளே செய்தி கடத்தும் மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறது. குழாய்முகத்திலுள்ள சிஎஃப்டிஆர் என்ற வாய்க்கால் திறக்கிறது. இரத்தமுகத்தில் என்பிசிஇ1 பைகார்பனேட்டை உள்ளே கொண்டுவருகிறது. குழாய்முகத்தில் எஸ்எல்சி26 குடும்பத்துப் பரிமாற்றிகள் குளோரைடை வாங்கிக்கொண்டு பைகார்பனேட்டை வெளியே விடுகின்றன. இவ்வளவும் புரிந்த பிறகும் ஒரு சிக்கல் நெடுநாள் இருந்தது. மனிதக் கணைய நீரில் பைகார்பனேட் லிட்டருக்கு 140 மில்லிமோல் வரை போகிறது. இரத்தத்தைப் போல ஆறு மடங்கு. ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளும் பரிமாற்றியால் அவ்வளவு தூரம் தள்ள முடியாது. குழாயில் குளோரைடு குறையக் குறைய மாற்றிக்கொள்ள எதிர்ச்சரக்கு இல்லாமல் நின்றுவிடும். எலிகளில் 70, 80 அளவோடு நிற்கிறது. கினிப்பன்றியோ மனிதரைப் போலவே 140ஐத் தொடுகிறது. இந்தக் கேள்விக்கு எலி உதவாது, கினிப்பன்றிதான் வேண்டும் என்று ஆய்வாளர்கள் அதன் பக்கம் திரும்பியது அதனால்தான்.

விடை மறுபடியும் மின்னழுத்தம்தான். செல்லுக்குள் பைகார்பனேட் 20, குழாய்முகத்து மின்னழுத்தம் மைனஸ் 60 என்றால், வாய்க்கால் வழியாக மட்டும் போனால் வெளியே பத்து மடங்கு வரை, அதாவது 200 வரை சேரலாம். 140 எல்லாம் தாராளமாகச் சாத்தியம். ஆனால் சிஎஃப்டிஆர் பிறவியில் குளோரைடு வாய்க்கால். பைகார்பனேட்டை அதைவிடக் குறைவாகத்தான் விடும். இங்கே நாளச் செல் ஒரு தந்திரம் செய்கிறது. சுரப்பு உச்சத்தில் இருக்கும்போது செல்லுக்குள் குளோரைடை மிகவும் குறைத்துவிடுகிறது. வெளியே போகக் குளோரைடே இல்லாதபோது வாய்க்காலில் போவது பைகார்பனேட்தான். அதற்கும் மேலே, குளோரைடு குறைந்ததை டபிள்யூஎன்கே1 என்ற நொதி உணர்ந்து, சிஎஃப்டிஆரின் துளையையே பைகார்பனேட்டுக்கு இணக்கமாக மாற்றுகிறது என்று 2010இல் ஒரு ஆய்வு காட்டியது.

இந்த சிஎஃப்டிஆர் பழுதானால் வருவது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய். மரபணு 1989இல் கிடைத்தது. நெடுங்காலம் இதைக் குளோரைடு நோய் என்றே பேசினார்கள். வியர்வையில் உப்பு அதிகம் என்பதே சோதனை. கலிஃபோர்னியாவில் பால் குயின்டன், தானே இந்த நோயுடன் வாழ்பவர், 1983இல் வியர்வை நாளம் குளோரைடை விடுவதில்லை என்று காட்டியவர். குளோரைடோடு நிற்காமல் பைகார்பனேட்டையும் பாருங்கள் என்று பின்னர் வற்புறுத்தியவரும் அவரே. காரணம் சளி. சளியின் மியூசின் மூலக்கூறுகள் செல்லுக்குள் சிறு பைகளில், அமிலச் சூழலில், கால்சியத்தால் இறுகக் கட்டப்பட்டு அடைந்து கிடக்கின்றன. வெளியே வந்ததும் பல நூறு மடங்கு விரிய வேண்டும். அதற்குக் கால்சியத்தைப் பிரித்து எடுக்க யாராவது வேண்டும். பைகார்பனேட் அதைச் செய்கிறது. பைகார்பனேட் வராவிட்டால் மியூசின் விரியாது, பிசின்போல் ஒட்டிக் கிடக்கும். கணைய நாளம் அடைபடுவதும், பிறந்த குழந்தையின் குடல் அடைபடுவதும், நுரையீரலில் சளி கட்டுவதும் இந்த ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. எனக்கு இந்த விளக்கம்தான் நோயின் பல முகங்களையும் ஒன்றாகக் கட்டுவதாகத் தோன்றுகிறது, உப்பு நீர் வற்றுகிறது என்ற பழைய விளக்கத்தைவிட.

இதில் ஒரு சுண்டெலிப் புதிரும் உண்டு. சிஎஃப்டிஆர் இல்லாத சுண்டெலிகளுக்கு மனிதரைப் போல நுரையீரல் நோய் வருவதில்லை. பன்றிகளுக்கு வருகிறது. 2016இல் ஒரு காரணம் தெரிந்தது. மனிதர், பன்றி இருவரின் மூச்சுக்குழாய்ச் செல்களிலும் ஏடிபி12ஏ என்ற புரோட்டான் பம்பு குழாய்முகத்தில் இருந்து அமிலத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைப் பைகார்பனேட் சமன் செய்கிறது. சுண்டெலியின் மூச்சுக்குழாயில் அந்தப் பம்பு இல்லை. பைகார்பனேட் நின்றாலும் அங்கே பிஎச் இறங்காது. பிஎச் இறங்கினால் என்ன ஆகும்? மூச்சுக்குழாய்த் திரவத்தில் கிருமிகளைக் கொல்லும் புரதங்கள் அமிலச் சூழலில் சரியாக வேலை செய்வதில்லை என்பது 2012இல் பன்றிக்குட்டிகளில் தெரிந்தது.

வயிற்றைப் பற்றிச் சுருக்கமாக. இங்கே எல்லாம் கணையத்துக்குத் தலைகீழ்: அமிலம் குழாய்ப் பக்கம், பைகார்பனேட் ஏஇ2 வழியாக இரத்தப் பக்கம். சாப்பிட்டபின் வயிற்றிலிருந்து வரும் இரத்தம் சற்றுக் காரமாக இருக்கும். கணையத்திலிருந்து வருவது சற்று அமிலமாக இருக்கும். இரண்டும் சேர்ந்து கணக்கு நேராகிவிடும். ஓயாத வாந்தியில் அமிலம் மட்டும் வெளியே போய்விடுவதால் இரத்தம் காரமாகிறது. காலராவில் குடல் பைகார்பனேட்டை அள்ளிக் கொட்டுவதால் இரத்தம் அமிலமாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் பொடியில் சிட்ரேட் இருப்பது இதற்காகத்தான். உடலுக்குள் அது எரிந்து பைகார்பனேட்டாகிறது. ஆரம்பத்தில் நேரடியாகப் பைகார்பனேட்டே போட்டார்கள். ஈரத்தில் பொட்டலம் கெட்டுப்போனதால் மாற்றினார்கள்.

சிறுநீரகத்தில் இன்னும் ஒரு இடம் பாக்கி. அண்மைக் குழல் செய்வதெல்லாம் போனதைத் திருப்பி எடுப்பது. ஆனால் நாம் சாப்பிடும் புரதத்தால் தினமும் உடல் எடை கிலோவுக்கு ஒரு மில்லிமோல் அளவில் புதிதாக அமிலம் சேர்கிறது. அதை நிஜமாகவே வெளியேற்றுவது சேகரிப்பு நாளத்தின் இன்டர்கலேட்டட் செல்கள். இவற்றில் இரண்டு இனம். ஏ வகைச் செல்லில் புரோட்டான் பம்பு குழாய்முகத்தில். பைகார்பனேட் ஏஇ1 வழியாக இரத்தத்துக்கு. சிவப்பணுவின் சவ்வில் இருக்கும் அதே ஏஇ1தான், தலைப்பகுதியில் கொஞ்சம் குட்டையானது. பி வகைச் செல்லில் பம்பு இரத்தமுகத்தில். குழாய்முகத்தில் பெண்ட்ரின் என்ற பரிமாற்றி பைகார்பனேட்டைச் சிறுநீரில் விடுகிறது. ஒரே பம்பு, முகம் மாறினால் வேலையும் மாறுகிறது. அமில உணவு கொடுத்த முயல்களில் இந்த இரு வகைகளின் விகிதம் மாறுவதை 1985இல் கைஸ் அல்-அவ்காதியின் குழு கண்டது. உடலின் தேவைக்கேற்ப ஒரு செல் தன் முகங்களையே மாற்றிக்கொள்ள முடியும் என்ற யோசனை அப்போது பெரிய பரபரப்பு. ஏ வகைச் செல் பழுதானால் சிறுநீரின் பிஎச் 5.5க்குக் கீழே இறங்க மறுக்கும், சிறுநீரகக் கல் வரும். தாய்லாந்து, மலேசியா பக்கம் ஏஇ1 மரபணுப் பிழையால் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பம்பில் பிழை என்றால் காதும் கேட்காமல் போவதுண்டு, ஏனென்றால் உட்காதின் திரவத்துக்கும் அதே பம்பு.

புதுப் பைகார்பனேட்டும் சிறுநீரகம் தயாரிக்கிறது. குளுட்டமினை உடைத்து, அம்மோனியத்தைச் சிறுநீருக்கும் பைகார்பனேட்டை இரத்தத்துக்கும் அனுப்புகிறது. இரத்தம் அமிலமாகிச் சில நாள் போனால் இந்த உற்பத்தி பல மடங்கு உயரும். நுரையீரல் நிமிடங்களில் செய்வதைச் சிறுநீரகம் நாள்கணக்கில் செய்வது இதனால்தான்.

கடைசிக் கேள்வி, ஆல்கலைன் வாட்டர். பிஎச் 9 உள்ள தண்ணீரில் ஹைட்ராக்சைடு லிட்டருக்கு 10 மைக்ரோமோல். வயிற்றுத் திரவத்தின் பிஎச் 1.5 என்றால் லிட்டருக்கு 30 மில்லிமோல் அமிலம். ஒரு லிட்டர் ஆல்கலைன் வாட்டரின் ஹைட்ராக்சைடைத் தீர்த்துக்கட்ட கால் தேக்கரண்டி வயிற்றுத் திரவம்கூடத் தேவைப்படாது. கனிமங்களாகக் கரைந்திருக்கும் ஓரிரு மில்லிமோல் பைகார்பனேட்டைச் சேர்த்தாலும், சிறுநீரகம் தினமும் கையாளும் 4,320இல் அது எங்கே தெரியப் போகிறது? மிஞ்சினால் பி வகைச் செல்கள் பெண்ட்ரின் வழியாகச் சிறுநீரில் விட்டுவிடும். சிறுநீரில் பிஎச் தாளை நனைத்தால் நிறம் மாறலாம். விற்பவர்கள் அதைக் காட்டித்தான் உடம்பே காரமாகிவிட்டது என்கிறார்கள். அந்த நிறத்தை வைத்து இரத்தத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, இரத்தம் 7.4இலேயே இருக்கும். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சோடியம் பைகார்பனேட் மாத்திரை எழுதித் தருவது வேறு விஷயம். அங்கே ஏ வகைச் செல்களும் அம்மோனியா தயாரிப்பும் தளர்ந்துவிட்டன, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் அளவு நிர்ணயிக்கிறார்கள்; அதோடு போகும் சோடியம் இரத்த அழுத்தத்தையும் வீக்கத்தையும் கூட்டக்கூடும் என்பதால், சமையல் சோடாவைத் தாங்களே கரைத்துக் குடிக்கக் கூடாது என்று அவர்களிடம் சொல்ல வேண்டும்.